இலுப்பைக்குடியில் எத்தனை பேர்?

நீங்கள் கேட்டிருப்பதை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். பினாங்கில் பிறந்து வளர்ந்தவர் நீங்கள். "நாம இலுப்பைக்குடி" என்று அப்பத்தா சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். காரைக்குடியை ஒட்டி அந்தப் பெயரில் ஒரு சிற்றூர் இருப்பதை வரைபடத்தில் கண்டதும், அது எப்போது உண்டானது, யார் உண்டாக்கியது, இன்று அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தேட ஆரம்பித்திருக்கிறீர்கள். மக்கள்தொகை என்று ஓரிடத்தில் ஓர் எண் கிடைக்கிறது, இன்னோரிடத்தில் அதற்குச் சம்பந்தமே இல்லாத வேறோர் எண். உங்கள் பெரியப்பாவோ, "நம்ம கோயிலுக்கு ஆயிரக்கணக்கில் புள்ளி இருக்கு, இவங்க என்ன கணக்குப் போடுறாங்க" என்கிறார். இவற்றில் எது சரி என்பது உங்கள் கேள்வி. எல்லாமே சரியாக இருக்கலாம் என்பது என் பதில். ஒவ்வொன்றும் வேறு வேறு பொருளை எண்ணுகிறது. அதைப் பிரித்துக் காட்டத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நான் காரைக்குடி, திருப்பத்தூர்ப் பக்கம் வருவாய்த்துறையில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடு வீடாகப் போகிற வேலையும் பார்த்திருக்கிறேன், போனவர்கள் கொண்டுவந்த படிவங்களைச் சரிபார்க்கிற வேலையும் பார்த்திருக்கிறேன். ஆகவே கணக்கெடுப்பு, எல்லை, பதிவேடு ஆகியவற்றில் நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். கல்வெட்டில் எனக்கு முறையான படிப்பு கிடையாது. அந்தப் பகுதியில் அறிஞர்கள் படித்து ஒப்புக்கொண்டதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் உங்கள் வீட்டில் ஒன்றைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். இலுப்பைக்குடி உங்களுக்கு ஊரா, கோயிலா? நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பேச்சில் இந்த இரண்டும் வேறு. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்கோயில், இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி என்று ஒன்பது கோயில்கள். ஒவ்வொரு நகரத்தார் குடும்பமும் இவற்றில் ஒன்றைச் சேர்ந்தது. ஒரே கோயிலுக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதில்லை; இளையாத்தங்குடி மாதிரி பெரிய கோயில்களில் மட்டும் உட்பிரிவு பார்த்துக் கொடுப்பார்கள். "நீங்க எந்தக் கோயில்?" என்று கல்யாணப் பேச்சில் முதலில் கேட்பது அதனால்தான். ஆனால் இலுப்பைக்குடிக் கோயிலைச் சேர்ந்தவர் தேவகோட்டையில் இருக்கலாம், கண்டனூரில் இருக்கலாம், பள்ளத்தூரில் இருக்கலாம். நகரத்தார் குடியிருந்த ஊர்கள் ஆதியில் 96 என்பது வழக்கு. இன்று எழுபத்துச் சொச்சம். அந்த ஊர்களில் எல்லாம் இலுப்பைக்குடிக்காரர்கள் உண்டு. அப்பத்தா சொன்ன "நாம இலுப்பைக்குடி" என்பது கோயிலைச் சொன்னதாக இருந்தால் உங்கள் பூர்வீக வீடு வேறு எங்கோ இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் இலுப்பைக்குடியில் போய் வீடு தேடினால் கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பலர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

பெரியப்பா சொல்லும் புள்ளிக் கணக்கு இந்தக் கோயில் உறவைச் சார்ந்தது. கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி. மாப்பிள்ளையின் கோயிலிலிருந்தும் பெண்ணின் கோயிலிலிருந்தும் திருமணத்துக்கு மாலை வரும். அந்த மாலை வந்தால்தான் திருமணத்தைக் கோயில் ஒப்புக்கொண்டது என்று பொருள். அதோடு புதுத் தம்பதியின் பெயர் மாப்பிள்ளை கோயிலின் புள்ளிப் புத்தகத்தில் ஏறும். புள்ளி வரியும் அதிலிருந்து தொடங்கும். கணவனோ மனைவியோ தனித்துப் போனால் அரைப்புள்ளி. அரசாங்கம் பிறப்பு, இறப்பு, திருமணம் என்று பதிவு வைக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்பே ஒரு சமூகம் தனக்கென்று இப்படி ஒரு பதிவேட்டை வைத்து நடத்தியிருக்கிறது. எனக்கு இதில் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அது தலைக்கணக்கு இல்லை. நான்கு பிள்ளைகள் உள்ள வீடும் ஒரு புள்ளி, பிள்ளை இல்லாத வீடும் ஒரு புள்ளி. கல்யாணமாகாதவர் கணக்கில் இல்லை. மகள் கல்யாணத்தோடு கணவன் கோயிலுக்குப் போய்விடுகிறாள். வேறு சமூகத்தில் மணம் செய்துகொண்டவர் பெயர் மரபுப்படி ஏறுவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் புத்தகத்தில் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் இலுப்பைக்குடியில் ஒரு நாள்கூடக் குடியிருந்ததில்லை. கோயிலுக்கு உரியவர்களின் எண்ணிக்கை அது. ஊரில் இருப்பவர்களின் எண்ணிக்கையாக அதைப் படிக்கக் கூடாது.

இனி அரசாங்கத்தின் எண்கள். இணையத்தில் நீங்கள் பார்த்த இரண்டும் முரண்படுவதற்கு நான் அனுபவத்தில் கண்ட காரணங்கள் உண்டு. முதல் காரணம் பெயர். இலுப்பைக்குடி என்ற பெயரில் இந்தப் பக்கத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கள் இருக்கின்றன. சிவகங்கைப் பக்கத்தில் இந்தோ திபெத் எல்லைக் காவல் படையின் பயிற்சி மையம் இருக்கிறதே, அந்த ஊரும் இலுப்பைக்குடிதான். அதற்கும் உங்கள் கோயிலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மாவட்டமும் ஒன்றே என்பதால் இயந்திரம் தொகுத்த தளங்களில் ஓர் ஊரின் எண் இன்னோர் ஊரின் பெயருக்குக் கீழே போய் உட்கார்ந்துவிடுகிறது. இலுப்பக்குடி, இலுப்பகுடி என்று எழுத்து மாறினாலும் இதே குழப்பம்தான். எந்த எண்ணைப் பார்த்தாலும் அது எந்த வட்டம் என்று பாருங்கள். காரைக்குடி வட்டம் இல்லையென்றால் அது உங்கள் ஊர் இல்லை.

அடுத்த காரணம் எல்லை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படித்தவர்களுக்குக்கூட இது தெரிவதில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் "கிராமம்" என்பது வருவாய்க் கிராமம். புல எண்கள் போட்டு, அளந்து, கல் நட்டு, அ-பதிவேடு என்கிற அடிப்படை நிலப் பதிவேட்டில் ஏற்றிய நிலப்பரப்பு அது. ஊராட்சி என்பது வேறு. ஓர் ஊராட்சிக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட வருவாய்க் கிராமங்களோ, ஒரு தாய்க் கிராமத்தோடு பல குக்கிராமங்களோ இருக்கலாம். ஜனங்கள் "எங்க ஊர்" என்று சொல்வது மூன்றாவது. அது கோயில், ஊருணி, சுடுகாடு, கண்மாய்ப் பாசனம் ஆகியவற்றால் ஆனது. எந்த வரைபடத்திலும் இல்லாதது. கண்மாய்க்கு அந்தப் பக்கம் புதிதாக மனை போட்டு வீடு கட்டிக் குடிவந்தவர் வருவாய்க் கணக்கில் இந்தக் கிராமத்துக்காரர். உள்ளூர்ப் பெரியவரைக் கேட்டால், "அது நகர்ங்க, நம்ம ஊர் இல்லை" என்பார். இந்த மூன்று எல்லைக்கும் மூன்று மக்கள்தொகை வரும். ஊராட்சி அலுவலகம் தருவது ஓர் எண், மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேட்டில் அச்சானது இன்னோர் எண். பொய் எங்கும் இல்லை.

மூன்றாவது காரணம், யாரை எண்ணுவது என்ற விதி. செட்டிநாட்டைப் பொறுத்தவரை இதுதான் மிக முக்கியம். 1931 வரை நம் நாட்டில் ஒரே இரவில் எண்ணுவார்கள். 1931-ல் அந்த இரவு பிப்ரவரி 26. அன்றைக்கு யார் எங்கே இருந்தாரோ அங்கேதான் அவர் கணக்கு. ரங்கூனில் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்யப் போயிருந்த உங்கள் ஐயாவின் அப்பச்சி அன்று பர்மாவின் கணக்கில்தான் ஏறியிருப்பார். அப்போது பர்மாவும் பிரிட்டிஷ் இந்தியாவில் ஒரு மாகாணம். ஊரில் இருந்த ஆத்தாவும் பிள்ளைகளும் இங்கே ஏறியிருப்பார்கள். 1941-லிருந்து இந்த முறை மாறியது. 2011-ல் பிப்ரவரி 9 முதல் 28 வரை எண்ணினார்கள். மார்ச் 1-ஆம் தேதி பிறக்கும் நள்ளிரவு அடிப்படை நேரம். முதல் ஐந்து நாள் மீண்டும் ஒரு சுற்றுப் போய்ப் பிறப்பு, இறப்பைத் திருத்தினார்கள். வழக்கமாகக் குடியிருக்கிற இடத்தில்தான் எண்ணிக்கை. கணக்கெடுப்புக் காலம் முழுவதும் வீட்டில் இல்லாதவர் அந்த வீட்டில் எண்ணப்பட மாட்டார். சிவராத்திரிக்கோ, முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கோ ஊருக்கு வந்து நான்கு நாள் வீடு நிறைய இருந்துவிட்டுச் சென்னை திரும்புகிறவர்கள் சென்னைக் கணக்கு. வீட்டுக்கு வரி கட்டுவதும், கோயிலுக்குப் புள்ளி வரி கட்டுவதும், பட்டாவில் பெயர் இருப்பதும் மக்கள்தொகையில் உங்களைச் சேர்க்காது.

களத்தில் இது எப்படி நடக்கும் என்று ஒன்றைச் சொல்கிறேன். இது இலுப்பைக்குடியில் நடந்தது இல்லை, பக்கத்தில் இன்னொரு நகரத்தார் ஊர். வீட்டுப் பட்டியல் எடுப்பின்போது கணக்கெடுப்பாளர் ஒவ்வொரு கட்டடத்துக்கும் எண் எழுதி, தனக்கு ஒதுக்கிய பகுதிக்கு, அதாவது பிளாக்குக்கு ஒரு வரைபடம் போட வேண்டும். செட்டிநாட்டு வீட்டின் முகப்பு ஒரு தெருவில் இருக்கும். பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போய் பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். முன்தெரு ஒரு பிளாக்கிலும் பின்தெரு அடுத்த பிளாக்கிலும் விழுந்துவிட்டால், ஒரே வீட்டுக்கு இரண்டு எண் விழுந்துவிடும். நான் மேற்பார்வைக்குப் போனபோது முகப்புக் கதவில் பெரிய பூட்டுத் தொங்கியது. தேக்கு நிலையில் எண் எழுத வந்த ஆசிரியையை ஒரு முதியவர் கையெடுத்துக் கும்பிட்டு, "மரத்துல வேணாம் தாயி, செவுத்துல எழுதிக்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அந்த வீட்டின் காவல்காரர் அவர். சுற்றிக்கொண்டு பின்தெருவுக்குப் போனோம். பின்கட்டில் ஒரு தாழ்வாரத்தை மறித்து அவர் மனைவி சமைத்துக்கொண்டிருந்தார். மருமகளும் பள்ளிக்கூடம் போகிற பேத்தியும் அங்கேதான். சட்டப்படி அந்த மாளிகையின் மக்கள்தொகை அவர்கள் நான்கு பேர். முன்கட்டு முழுவதும் படிவத்தில் "காலி" என்று ஒரு வரியாக முடிந்தது. அந்த வீட்டில் பங்குள்ள பங்காளிகள் எத்தனையோ பேர், எத்தனையோ நாடுகளில் இருப்பார்கள். அவர்களில் ஒருவர்கூட அந்த வரியில் இல்லை. அந்த ஊரின் அதிகாரப்பூர்வ எண்ணில் இருப்பவர் அந்த முதியவரும் அவர் குடும்பமும்தான். அதைச் சரியென்றே நான் நினைக்கிறேன். ரேஷன் கடையும் குடிநீரும் பள்ளிக்கூடமும் வேண்டியிருப்பது அங்கே தூங்கி எழுகிறவர்களுக்குத்தானே.

வரலாற்றுக்கு வருகிறேன். மரபு சொல்லும் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து நகரத்தார் பாண்டிய நாட்டுக்கு வந்தார்கள், பாண்டியன் இளையாத்தங்குடியில் இடம் கொடுத்தான், அங்கிருந்து பெருகி ஒன்பது கோயில்களாகப் பிரிந்தார்கள் என்பது. அதற்குக் கலியுக ஆண்டு 3808 என்று வருடமும் சொல்வார்கள். ஆங்கில வருடத்தில் 707. இந்த வருடத்தை உறுதிசெய்யும் சமகாலக் கல்வெட்டோ செப்பேடோ கிடையாது. பிற்காலத்தில் தொகுத்து எழுதிய சமூக வரலாற்றிலிருந்து வருவது அது. இடம்பெயர்வே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. ஆயிரம் ஆண்டு நினைவைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்திருப்பவர்களின் சொல்லுக்கு ஒரு கனம் உண்டு. ஆனால் தேதியை உறுதியாக எழுதுவதற்கு அந்த நினைவு போதாது. சோழர் கல்வெட்டுகளில் "நகரத்தார்" என்று வருவதைக் காட்டி, இதோ சான்று என்று சிலர் எழுதுகிறார்கள். அங்கே அந்தச் சொல் வணிகர் சபையைக் குறிக்கிறது. இன்றைய சமூகத்தைத்தான் குறிக்கிறது என்று அதை வைத்து முடிவு கட்ட முடியாது.

உறுதியாகச் சொல்லக்கூடியது என்னவென்றால், செட்டிநாட்டுக் கோயில்களில் படிக்கப்பட்ட கல்வெட்டுகளில் பெரும்பங்கு பிற்காலப் பாண்டியர் காலத்தவை. இந்த நிலப்பகுதி அவற்றில் கேரளசிங்க வளநாடு என்ற பெயரில் வருகிறது. ஆக 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் இங்கே கோயில்களும் அவற்றுக்கு விட்ட நிலமும் அதை நிர்வகித்த சபைகளும் இருந்தன. அதற்கும் முன்னால் ஜனங்கள் இருந்தார்களா என்றால், கட்டாயம் இருந்தார்கள். பிள்ளையார்பட்டிக் குடைவரையும் குன்றக்குடிக் குடைவரைகளும் பாண்டியர் கல்வெட்டுகளுக்குச் சில நூற்றாண்டு மூத்தவை. மலையைக் குடைகிற அளவுக்கு ஆளும் உணவும் இருந்த நாடு இது. "யார் உண்டாக்கியது" என்ற உங்கள் கேள்விக்கு ஒரு பெயரைச் சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான். கண்மாய் வெட்டி, கரை கட்டி, புஞ்சையைத் திருத்தியவர்கள் தங்கள் பெயரைக் கல்லில் வெட்டி வைக்கவில்லை. கீழடி நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது என்பதால் அந்தப் பழமையை இங்கே கொண்டுவந்து ஒட்டுகிறவர்களும் உண்டு. கீழடி வைகைக் கரை. காரைக்குடிப் பக்கம் வைகை மாதிரிப் பெரிய ஆறு கிடையாது, வானம் பார்த்த செம்மண் பூமி. அந்த மண்ணில் குடியேற்றம் நடந்த விதமே வேறாக இருந்திருக்கும்.

இலுப்பைக்குடிக் கோயிலில் சுவாமி தான்தோன்றீசுவரர், அம்பாள் சௌந்தரநாயகி. சொர்ணாகர்ஷண பைரவர் சந்நிதி பேர் பெற்றது. கொங்கணச் சித்தர் மூலிகையால் தங்கம் செய்த கதை இந்தக் கோயிலுக்கும் பக்கத்து மாத்தூர்க் கோயிலுக்கும் பொது. மாத்தூர் ஐநூற்றீசுவரர் என்ற பெயரையும் ஐந்நூறு மாற்றுத் தங்கத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். தலபுராணமாக அதைக் கேளுங்கள், உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். ஊரின் வயதைக் கணக்கிட அது உதவாது. இப்போது நீங்கள் பார்க்கும் கட்டுமானத்தை வைத்தும் வயதை எடைபோட வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நகரத்தார் தங்கள் கோயில்களுக்குப் பெரும் பொருட்செலவில் திருப்பணி செய்தார்கள். அந்த நாளில் பழைய கல்லைப் பிரித்துப் புதிதாகக் கட்டியதில் செட்டிநாட்டிலும் மற்ற இடங்களிலும் கல்வெட்டுகள் இடம் மாறின, சில அழிந்தும் போயின. பக்தியோடு செய்த வேலைதான். வரலாற்றுக்கு அதனால் நேர்ந்த இழப்பை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

பாண்டியருக்குப் பின் சேதுபதிகள், அவர்களிடமிருந்து பிரிந்து 18-ஆம் நூற்றாண்டில் உருவான சிவகங்கைச் சீமை, மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டது, பிறகு கம்பெனி சிவகங்கையை ஜமீனாக்கியது என்பதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருப்பதால் விரிக்கவில்லை. உங்கள் தேடலுக்கு வேண்டியது ஒன்றுதான்: ஜமீன் ஊர்களில், விவசாயிகள் நேரடியாக அரசுக்கு வரி கட்டிய ரயத்துவாரி ஊர்களைப் போலப் பழைய அரசாங்க நிலப்பதிவுகளை எதிர்பார்க்காதீர்கள். 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து, நிலத்தை அரசு ஏற்று, அளவையும் செட்டில்மென்டும் நடந்த பிறகுதான் பெரும்பாலான ஊர்களுக்கு ஒழுங்கான பதிவேடு உண்டானது. அதற்கு முன் ஊர்க் கணக்குப்பிள்ளையான கர்ணம் வைத்த கணக்கும் ஜமீன் கணக்கும்தான். கர்ணம், மணியம் என்ற பரம்பரைப் பதவிகளை 1980-ல் ஒழித்தபோது கைமாறிய சுவடிகள், நோட்டுகளில் பல அப்படியே காணாமல் போயின.

மக்கள்தொகைப் புத்தகங்களைத் தேடும்போது எந்த மாவட்டத்தின் கீழ் தேடுவது என்று தெரியாமல் பலர் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள். 1910-க்கு முன் இந்தப் பகுதி மதுரை மாவட்டம். 1911 முதல் 1981 வரையான கணக்குகளில் இராமநாதபுரம் மாவட்டம். காரைக்குடி அப்போது நெடுநாள் திருப்பத்தூர் தாலுகாவில் இருந்தது. 1985-ல் மாவட்டம் பிரிந்தது. 1991 கணக்கில் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம் என்று பாருங்கள், 2001-லிருந்து சிவகங்கை. 1951 முதல் வந்த மாவட்டக் கையேடுகளில் கிராமவாரியாக எண்கள் உண்டு. ஒவ்வொரு பத்தாண்டுக்கும் வருவாய்க் கிராமத்தின் பரப்பளவையும் சேர்த்து எழுதி வையுங்கள். மக்கள்தொகை திடீரென்று ஏறியோ இறங்கியோ இருந்து, பரப்பளவும் மாறியிருந்தால் அங்கே எல்லை மாறியிருக்கிறது என்று பொருள். ஜனங்கள் பெருகினார்கள், ஊரைவிட்டுப் போனார்கள் என்று அதை வைத்து எழுதிவிடக் கூடாது.

ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு எண்கள் தருகிறேன். 2011 கணக்கில் காரைக்குடி நகராட்சியின் மக்கள்தொகை 1,06,714. சிவகங்கை மாவட்டம் 13,39,101. ஆயிரம் ஆண்களுக்கு 1,003 பெண்கள். மாநிலத்தில் அது 996. ஆண்கள் பிழைப்புக்கு வெளியூர், வெளிநாடு போவது இந்த மாவட்டத்தின் நெடுங்கால வழக்கம். போனவர்களில் நகரத்தார் மட்டும் இல்லை, எல்லாச் சமூகத்தாரும் உண்டு. அந்தப் போக்கை மனத்தில் வைத்துக்கொண்டு இந்த விகிதத்தைப் படியுங்கள்.

வீடுகள் ஏன் பூட்டிக் கிடக்கின்றன என்பதற்கான விடை கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. மூன்றாண்டுக் கணக்கு என்று பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் போய்வந்த காலத்தில் கட்டியவை அவை. 1930-களின் விலைவீழ்ச்சியில், அங்கே நகரத்தாரிடம் கடன்பட்ட விவசாயிகளால் பணத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் போனது. பணத்துக்குப் பதில் நிலம் கைக்கு வந்தது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் விளைநிலத்தில் ஏறத்தாழக் கால்பங்கு செட்டியார்களிடம். பிறகு 1942-ல் ஜப்பான் படையெடுப்பு, விடுதலைக்குப் பிறகு அங்கே வந்த நிலச் சட்டங்கள், 1960-களில் தேசியமயம். போட்ட முதல் அங்கேயே போயிற்று. ஊருக்குத் திரும்பியவர்கள் சென்னைக்கும் மதுரைக்கும் கோவைக்கும் நகர்ந்தார்கள். வீட்டைப் பராமரிக்க முடியாத பங்காளிகள் பிரித்து விற்ற தூணும் நிலையும் காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருக் கடைகளில் விலைக்கு நின்றன. இதை எல்லாரும் எழுதுகிறார்கள். எழுதாமல் விடுவது, அதே ஊரில் அதே காலத்தில் எங்கும் போகாமல் இருந்தவர்களைப் பற்றி. கண்மாய் மடையைத் திறந்தவர்கள், செங்கல் அறுத்தவர்கள், சுவருக்கு முட்டை வெள்ளைக்கரு சேர்த்துச் சுண்ணாம்பு அரைத்தவர்கள், நிலைக்கதவு செதுக்கிய ஆசாரிகள், கோயில்மாடு பார்த்தவர்கள். நகரத்தார் வீடுகள் காலியானபோதும் இந்த ஊர்கள் பாழாகாததற்குக் காரணம் இவர்கள். மக்கள்தொகை அட்டவணையில் நீங்கள் பார்க்கும் எண்ணில் பெரும்பாலோர் இவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். "ஊரின் வரலாறு" என்று நீங்கள் எழுதப் போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அதில் இவர்களுக்கு இடமில்லையென்றால் அது ஒரு கோயிலின் வரலாறாக மட்டும் நிற்கும். என் மனத்தில் பட்டதை மறைக்காமல் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அங்கே நடப்பது வேறு விதமான மாற்றம். வள்ளல் அழகப்பர் 1947-ல் கல்லூரி தொடங்கினார். நிலமும் பணமும் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தைக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தார். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 தொடக்கத்தில் திறப்பு. 1985-ல் பல்கலைக்கழகம். படிக்கவும் வேலைக்கும் வெளியூர்க்காரர்கள் வந்து குடியேறினார்கள். ஊர் செக்காலை, சங்கராபுரம் என்று நாலாபக்கமும் பரவியது. பரவும் நகரம் பக்கத்துச் சிற்றூர்களின் புஞ்சையைத்தான் முதலில் தொடும். மனைப்பிரிவு வரும், தார்ச்சாலை வரும், "நகர்" என்று முடியும் பெயர்கள் வரும். அப்படி வந்தவர்களுக்கு அந்தப் புள்ளிப் புத்தகமும் தெரியாது, கண்மாய்ப் பாசனமும் தெரியாது. ஆனால் வருவாய்க் கிராமக் கணக்கில் அவர்களும் இலுப்பைக்குடி ஜனங்கள்தான். காரைக்குடியைச் சுற்றி உள்ள ஊர்களில் மக்கள்தொகை கூடுவதைப் பார்த்து, வெளிநாடு போனவர்கள் திரும்பிவிட்டார்கள் என்று சிலர் மகிழ்வதைக் கேட்டிருக்கிறேன். கூடுவது பெரும்பாலும் நகரத்தின் விளிம்பு.

2024-ல் காரைக்குடி மாநகராட்சியானபோது கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளோடு சங்கராபுரம், அரியக்குடி, இலுப்பைக்குடி முதலிய ஊராட்சிகளையும் சேர்த்துக்கொண்டார்கள். 2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப் போய், 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடக்க இருக்கிறது. மாநகராட்சிக்குள் போன பகுதிகள் அதில் வார்டுகளாக எண்ணப்படும். இலுப்பைக்குடி என்ற பெயரில் தனி வரியாக ஓர் எண் வருவது அநேகமாக 2011-ஓடு முடிந்தது என்றே நினைக்கிறேன். உங்கள் ஆர்வத்தை நான் இவ்வளவு தூரம் வரவேற்பதற்கு அதுவும் ஒரு காரணம். பத்தாண்டுக்கு ஒருமுறை பெயர் சொல்லி எண்ணப்பட்ட ஊர், இனிமேல் உள்ளூர்க்காரர்கள் எழுதி வைத்தால்தான் தனியாகத் தெரியும்.

ஆகையால் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பெரியப்பாவிடம் ஊர் எது, கோயில் எது என்று தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் இசைபிடிமானம் என்கிற திருமண ஒப்பந்தம் எழுதிய பழைய ஓலையோ தாளோ இருந்தால் அதில் ஊர்ப்பெயர் இருக்கும். படம் எடுத்து வையுங்கள். கோயில் அலுவலகத்துக்கு எழுதி, உங்கள் குடும்பப் பெயர் புள்ளிப் புத்தகத்தில் எந்த ஆண்டிலிருந்து தொடர்ந்து வருகிறது என்று கேளுங்கள். 1951 முதல் 2011 வரை கையேடுகளில் உள்ள வரிகளைப் பரப்பளவோடு வரிசைப்படுத்துங்கள். அச்சில் வந்த சிறு வெளியீடுகள், பழைய நோட்டீசுகள் மாதிரியானவற்றுக்குச் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ஒரு தனிமனிதர் ஆயுள் முழுக்கச் சேர்த்த சேகரிப்பிலிருந்து வளர்ந்த நூலகம் அது. அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஒரு காலைப்பொழுதைக் கோயிலுக்கும் மறுநாளை ஊருக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஊருணிப் படியில், டீக்கடையில், ரேஷன் கடை வாசலில் இருக்கும் பெரியவர்களிடம், அவர்கள் தாத்தா காலத்தில் எந்தெந்தத் தெருவில் யார் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். உங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் குடும்பம் ஒன்று இருந்தால் அவர்கள் எத்தனை தலைமுறையாக அங்கே இருக்கிறார்கள் என்பதையும் அவர்கள் பெயர்களோடு எழுதுங்கள். 2027-ல் கணக்கெடுக்க வரும்போது தங்கள் பெயர்களை முழுதாகச் சொல்லி, ஒருவர் விடாமல் பதிந்துகொள்ளும்படி இப்போதே அவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.